செத்த மாட்டில் இருந்த மருந்து: பாறுகளின் வீழ்ச்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1987-88 பருவத்தில் 353 வெண்முதுகுப் பாறு (பிணந்தின்னிக் கழுகு) இணைகள் கூடு கட்டியிருந்தன. 1996-97-ல் அது 150 ஆகக் குறைந்தது. கூட்டிலும் மரத்தடியிலும் வளர்ந்த பறவைகள் செத்துக் கிடந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இதைப் பதிவு செய்தபோது, ஒரு பூங்காவுக்குள் நடக்கும் சிக்கலாகவே பலருக்கும் அது தோன்றியது. 1990-களின் தொடக்கத்தில் வண்டியில் சென்று கணக்கெடுத்த அதே சாலைத் தடங்களில் 2000-த்திலும் அதன் பிறகும் மறுபடி சென்று எண்ணியபோதுதான் முழு அளவும் தெரிந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்துபோயின. கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து 96.8 விழுக்காடு குறைந்தன. 2000-த்திலேயே இம்மூன்று இனங்களும் அழிவின் விளிம்பில் இருப்பவை என உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன.

பதினைந்து ஆண்டுகளில் ஒரு பறவை இனம் இந்த வேகத்தில் சரிந்தது ஏன், காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்த பின்னும் சரிவு ஏன் உடனே நிற்கவில்லை, தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் மோயாற்றுப் பாறுகளுக்கு இதிலிருந்து என்ன பாடம் என்பவற்றை இந்த ஆய்வு வரிசையாகப் பார்க்கிறது.

முதலில் சந்தேகிக்கப்பட்டவை

ஒரு காட்டுயிர் கூட்டமாகச் சாகும்போது சந்தேகம் போகும் இடங்கள் வழக்கமானவை: உணவுப் பஞ்சம், வாழிட அழிவு, பூச்சிக்கொல்லி, தொற்றுநோய். பாறுகள் விஷயத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்யப்பட்ட விதம் கவனித்துப் படிக்க வேண்டியது.

உணவுப் பஞ்சம் முதலில் விலகியது. ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்ட மாடுகள் யாரும் தின்னாமல் அழுகிக் கிடந்தன. தின்ன வேண்டிய பறவைதான் இல்லை. வாழிடமும் அப்படியே. நன்கு பாதுகாக்கப்பட்ட பூங்காவுக்குள் இருந்த பறவையும் செத்தது, ஊரோரப் புளியமரத்தில் இருந்ததும் செத்தது.

டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் கொன்றுண்ணிப் பறவைகளைத் தாக்கும் விதம் வேறு. முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்து, இனப்பெருக்கம் முதலில் சரியும். வளர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் உயிரோடுதான் இருக்கும். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். நல்ல சதைப்பற்றோடு இருந்த வளர்ந்த பறவைகள் மடிந்தன.

தொற்றுநோய்க் கருத்துதான் கடைசிவரை நின்றது. அதற்கு நியாயமும் இருந்தது. பறவைகள் கிளையில் உட்கார்ந்தபடி கழுத்தைத் தொங்கப்போட்டு, அவ்வப்போது திடுக்கிட்டு நிமிர்ந்து, மீண்டும் தொங்கின. அது ஒரு நோயின் அறிகுறியாகவே பட்டது. ஆனால் திசுக்களில் தேடிய வைரசும் பாக்டீரியாவும் சாவுக்குப் பொருந்தி வரவில்லை. வெயில் காலத்தில் நல்ல நிலையில் இருக்கும் பாறும் கழுத்தைத் தொங்கப்போடும் என்பது பின்னால் தெளிவானது. வெறும் கண்ணுக்குத் தெரியும் ஓர் அறிகுறியை மட்டும் வைத்து நோயை முடிவு செய்தால் எத்தனை ஆண்டுகள் வீணாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பிணக்கூறாய்வு சொன்னது

திருப்பம் பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரும் குழுவினரும் 2000 முதல் 2003 வரை அங்கிருந்த கூடமைப்பிடங்களில் செத்த பறவைகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கு ஏற்ற நிலையில் இருந்த 259 பறவைகளில் 219-ல், அதாவது 85 விழுக்காட்டில், ஒரே காட்சி. நெஞ்சறையைத் திறந்தால் இதயத்தைச் சுற்றிய உறை, ஈரலின் மேற்பரப்பு, சிறுநீரகம் எல்லாவற்றின் மீதும் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலப் படிகம். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தால் அந்த அமிலம் இரத்தத்தில் தேங்கி உள்ளுறுப்புகள் மீது படிந்துவிடும். ஆகவே வெள்ளைப் படிவு சாவின் மூல காரணம் அல்ல, சிறுநீரகம் செயலிழந்ததன் விளைவு. சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்பதே அடுத்த கேள்வி.

அவர்கள் எடுத்த வழி எளிமையானது. பாறுகளின் உணவு கால்நடைச் சடலம். அப்படியானால் கால்நடைக்குக் கொடுக்கும் பொருள்களில், குடலில் உறிஞ்சப்படக்கூடியதாகவும் சிறுநீரகத்தைத் தாக்குவதாகவும் அறியப்பட்டது எது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்தார்கள். கேட்ட 74 கடைகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. காய்ச்சல், மடிநோய், கால் ஊனம், பிரசவ வலி என எதற்கும் போடப்பட்ட மலிவான வலிநிவாரணி அது.

அடுத்து வேதிச் சோதனை. வெள்ளைப் படிவோடு செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தபோது 25-லும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. இவ்வளவு கூர்மையான பிரிவு களத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆனாலும் அவர்கள் அங்கே நிற்கவில்லை. காயம்பட்டு மீண்டும் பறக்க முடியாத பாறுகளுக்கு மருந்தை நேரடியாகக் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி. கொடுத்த இரண்டும் செத்தன. 0.25 மி.கி. கொடுத்த இரண்டில் ஒன்று செத்தது. பிறகு மருந்து போட்ட எருமை, ஆட்டின் இறைச்சியை 20 பாறுகளுக்குக் கொடுத்ததில் 13 அதே வெள்ளைப் படிவோடு மடிந்தன. 2004-ல் இது வெளியானது. தொடர்பு, அளவு, பரிசோதனை மூன்றும் ஒரே திசையைக் காட்டியதால்தான் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அரசு அசைந்தது. முதல் இரண்டோடு நின்றிருந்தால் மருந்து நிறுவனங்களின் மறுப்பு இன்றுவரை நீண்டிருக்கும்.

நூற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை

"எல்லா மாட்டுக்கும் ஊசி போடுவதில்லையே, பிறகு எப்படி ஓர் இனமே அழியும்?" என்ற கேள்வி அப்போதும் எழுந்தது, இப்போதும் பயிற்சி வகுப்புகளில் எழுகிறது. இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. கண்ட சரிவை உண்டாக்கக் கொல்லும் அளவில் மருந்துள்ள சடலங்கள் 0.13 முதல் 0.75 விழுக்காடு இருந்தாலே போதும் என்று 2004-ல் கணித்தார்கள். அதாவது ஆயிரம் சடலத்தில் ஒன்று முதல் ஏழெட்டு வரை.

ஒரு பாறு மூன்று நாளுக்கு ஒரு முறை வயிறார உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 120 வேளை. ஒவ்வொரு வேளையும் நஞ்சாக இருக்க 0.5 விழுக்காடு வாய்ப்பு என்றால், 120 வேளையும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 55 விழுக்காடு மட்டுமே. ஓர் ஆண்டில் 45 விழுக்காடு பறவைகள் போய்விடும். 2000-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் ஆண்டுதோறும் சராசரியாக 44 விழுக்காடு அளவில் குறைந்ததாகக் கள எண்ணிக்கை சொல்கிறது. 2004-05-ல் இந்தியாவின் பல இடங்களில் எடுத்த 1,848 கால்நடை ஈரல் மாதிரிகளில் 10.1 விழுக்காட்டில் டைக்ளோஃபினாக் இருந்தது. அவை அனைத்தும் கொல்லும் அளவில் இல்லை, ஆனால் தேவையானதைவிட மிக அதிகம்.

இன்னும் இரண்டு காரணங்கள் இந்தக் கணக்கைக் கூர்மையாக்குகின்றன. பாறுகள் கூட்டமாக உண்பவை. ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது, நூறு பறவைகள் இறங்கிய காலம் அது. ஒரே சடலம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். இரண்டாவது, வலிநிவாரணி போடப்படுவது நலமான மாட்டுக்கு அல்ல. முதுமையிலும் காயத்திலும் எழ முடியாமல் கிடக்கும் மாட்டுக்குக் கடைசி நாள்களில் போடுகிறார்கள். மருந்து மாட்டின் உடலைவிட்டுச் சில நாள்களில் நீங்கிவிடும். ஆனால் சாகப்போகும் மாட்டுக்குத்தான் அந்தச் சில நாள்கள் கிடைப்பதில்லை.

இழப்பை ஈடுகட்டும் வேகமும் பாறுகளிடம் இல்லை. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு முதிர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். நீண்ட ஆயுளை நம்பி அமைந்த வாழ்க்கை அது. வளர்ந்த பறவையின் சாவு விகிதம் சற்று உயர்ந்தாலும் கூட்டம் தாங்காது.

பாறு போன இடத்தில் நாய் வந்தது. சடலக் கிடங்குகளில் தெருநாய்க் கூட்டம் பெருகி, வெறிநோய்ச் சாவுகள் கூடியதாகப் பொருளியல் ஆய்வுகள் கணித்தன. 2024-ல் வெளியான ஆய்வொன்று, பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மனிதச் சாவுகள் நிகழ்ந்ததாக மதிப்பிடுகிறது. பாறுப் பாதுகாப்பு என்பது பறவை ஆர்வலர்களின் விருப்பம் மட்டும் அல்ல என்று அதிகாரிகளிடம் பேசும்போது முதலில் வைக்க வேண்டிய செய்தி இது.

தடையும் அதன் ஓட்டைகளும்

2006 மே மாதம் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் உற்பத்தியை நிறுத்த இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையர் உத்தரவிட்டார். 2008-ல் அரசிதழ் அறிவிப்பும் வந்தது. மாற்று மருந்தும் கையில் இருந்தது. மெலாக்சிகம் முதலில் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கப் பாறுகளிடமும் பிறகு ஆசிய இனங்களிடமும் சோதிக்கப்பட்டுத் தீங்கற்றது என உறுதியானது. உயிரியல் பூங்காக்களில் 50-க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த 700-க்கும் அதிகமான பறவைகளுக்கு அது ஏற்கெனவே பாதிப்பின்றிக் கொடுக்கப்பட்டிருந்தது.

அப்படியும் 2007-க்கும் 2010-க்கும் இடையில் 11 மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகளில் வாடிக்கையாளர் போலக் கேட்டுப் பார்த்தபோது 36 விழுக்காட்டில் டைக்ளோஃபினாக் கிடைத்தது. வழி இதுதான்: மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்து 30 மி.லி. குப்பியிலும் விற்கப்பட்டது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 3 மி.லி., அதாவது 75 மி.கி. பத்து வேளை மருந்தை ஒரே குப்பியில் ஏன் அடைக்க வேண்டும்? 30 மி.லி. குப்பியில் 750 மி.கி. இருக்கும். 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 2.5 மி.கி. வீதம் போட்டால் சரியாக ஒரு குப்பி. பெட்டியின் மேல் மனிதருக்கானது என்று எழுதியிருந்தாலும் அளவு மாட்டுக்கானது.

2015 ஜூலையில் 3 மி.லி.க்கு மேற்பட்ட குப்பிகள் தடை செய்யப்பட்டன. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 3 மி.லி. குப்பிகளை உடைத்து உடைத்து ஒரு மாட்டுக்குப் போட நான்கு முதல் பத்து குப்பி வேண்டும். தொல்லையும் கூடும், செலவும் கூடும். முழுத் தடையைவிடச் சில நேரம் இப்படி அளவைச் சுருக்குவது நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் என்பதை இந்த நிகழ்வு காட்டியது. மனிதரின் தேவையும் கெடவில்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. டைக்ளோஃபினாக் போன இடத்துக்கு அதன் உறவுக்கார மருந்துகள் வந்தன. கீட்டோபுரோஃபேன் பாறுகளைக் கொல்லும் என்று தென்னாப்பிரிக்கச் சோதனைகள் 2010-க்குள் காட்டிவிட்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. பெயர்தான் வேறு, சடலத்தில் இருப்பது பழைய நஞ்சே. இவ்விரண்டும் கால்நடைப் பயன்பாட்டுக்கு 2023 ஜூலை இறுதியில்தான் தடை செய்யப்பட்டன. நிமிசுலைடு 2024 டிசம்பரில் தடைக்குள் வந்தது. டைக்ளோஃபினாக் பற்றிய சான்று வந்த இரண்டே ஆண்டில் முடிவெடுத்த அமைப்பு, கீட்டோபுரோஃபேனுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இந்த நிகழ்வில் மிகவும் கவலைக்குரிய இடம் இதுவே என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒவ்வொரு மருந்தாகச் சந்தைக்கு வரவிட்டு, பறவைகள் செத்து, சான்று சேர்த்து, வழக்காடித் தடை வாங்குவது என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்தாண்டு போகும். எஞ்சியிருக்கும் எண்ணிக்கைக்கு அத்தனை சுற்று தாங்காது. கால்நடைக்கான எந்தப் புதிய அழற்சி நீக்கி மருந்தும் (டைக்ளோஃபினாக் வகை வலிநிவாரணியும்) பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதித்த பிறகே உரிமம் பெற வேண்டும். ஃபுளூனிக்சின், கார்புரோஃபேன் ஆகிய வலிநிவாரணிகள் இரண்டின் மீதும் உயிரியல் பூங்காப் பதிவுகளிலேயே சந்தேகம் இருக்கிறது. அவற்றைக் கொண்டு இந்த முறையைத் தொடங்கலாம்.

மோயாற்றுக் கூட்டம்

தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் கூடமைக்கும் முதன்மையான இடம் நீலகிரி மலையின் வடக்குச் சரிவை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த சிறியூர், ஜகலிக்கடவு, சீகூர்ப் பக்கங்களில் ஆற்றோரம் ஓங்கி நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சியில் கூடுகள் இருக்கும். கருங்கழுத்துப் பாறு மரத்தில் கட்டாது, செங்குத்துப் பாறை விளிம்புகளைத் தேடும். செந்தலைப் பாறு தனித்தோ இணையாகவோ திரியும், கூட்டமாகச் சேராது. அதனால் அதை எண்ணுவது கடினம்.

மற்ற இடங்களில் அழிந்தவை இங்கே ஏன் பிழைத்தன? இங்கே அவற்றின் உணவில் பெரும்பங்கு காட்டு விலங்குகள். புலி, செந்நாய் கொன்று விட்டுச்சென்ற புள்ளிமான், கடமான், காட்டெருது, இயற்கையாக இறந்த யானை. இவற்றுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. ஆனால் இது முழுக் காப்பு அல்ல. உயரத்தில் வட்டமிடும் பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. அதனால்தான் பாறுகளுக்கான பாதுகாப்பு மண்டலத்தைக் கூட்டிலிருந்து 100 கி.மீ. ஆரத்துக்கு வகுக்கிறார்கள். அந்த வட்டத்தின் பரப்பு 31,000 சதுர கி.மீ.க்கு மேல். மோயாற்றில் இருந்து இந்த வட்டத்தைப் போட்டால் நீலகிரி, ஈரோடு, கோயம்புத்தூர் மாவட்டங்களோடு கர்நாடகத்தின் சாமராஜநகர், மைசூரு, கேரளத்தின் வயநாடு எல்லாம் உள்ளே வந்துவிடும். குண்டல்பேட்டைக் கடையில் விற்ற ஒரு குப்பி சிறியூர்க் கூட்டைக் காலியாக்கலாம். மூன்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சேர்ந்து ஆய்வு செய்யாவிட்டால் பயன் இல்லை.

தமிழ்நாட்டில் அருளகம் அமைப்பு பல ஆண்டுகளாக மருந்துக்கடைகளிலும் மலையடி ஊர்களிலும் பாறுகளைக் கொல்லும் மருந்துகளுக்கு எதிரான வேலையைச் செய்துவருகிறது. 2022-ல் மாநில அளவிலான பாறுப் பாதுகாப்புக் குழுவும் அமைக்கப்பட்டது.

கணக்கெடுப்பு எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மூன்று மாநிலமும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பறவைகள். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் 320: அதில் வெண்முதுகு 217, செந்தலை 50, கருங்கழுத்து 47, மஞ்சள்முகம் 4, இமயமலைப் பாறும் கரும்பாறும் ஒவ்வொன்று. பத்தே மாதத்தில் 30 விழுக்காடு உயர்வு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவைக்கு அது உடலளவில் இயலாத வளர்ச்சி. எண்ணிய இடங்கள், எண்ணிய ஆள்கள், பருவம், வானிலை ஆகியவை மாறினால் எண்ணும் மாறும். பிப்ரவரியில் கூட்டுக்குள் அமர்ந்திருக்கும் பறவை கீழிருந்து தெரியாமல் போவதும் உண்டு. நம்பத்தக்க அளவுகோல் கூடுகளே: ஒவ்வொரு பருவத்திலும் அடையாளமிட்ட மரங்களில் எத்தனை கூட்டில் அடைகாத்தல் தொடங்கியது, எத்தனையில் குஞ்சு பறந்தது என்ற இரண்டு எண்கள். ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து இவை இருந்தால் கூட்டம் உயர்கிறதா, சரிகிறதா என்று சொல்லலாம்.

கள எண்ணிக்கையில் அடிக்கடி நேரும் பிழைகள் மூன்று. வெண்முதுகுப் பாறின் இளம்பறவைக்கு முதுகில் வெள்ளை இருக்காது, பழுப்பாக இருக்கும். அதைக் கருங்கழுத்துப் பாறு என்று எழுதிவிடுகிறார்கள். வட்டமிடும் பறவைகளை அடுத்தடுத்த இரண்டு நோக்கிடங்களில் இருப்பவர்கள் இருமுறை எண்ணிவிடுகிறார்கள். பறந்த திசையையும் மணியையும் குறித்தால் பின்னால் கழிக்க முடியும். மூன்றாவது, காலை ஏழு மணிக்கே வானத்தைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவது. வெப்பக்காற்று எழும் வரை பாறுகள் கிளையைவிட்டுக் கிளம்பாது. அந்த நேரத்தில் மரங்களைத்தான் தொலைநோக்கியால் தேட வேண்டும்.

மோயாற்றில் வலிநிவாரணிக்கு அடுத்த ஆபத்து நஞ்சு வைத்த சடலம். மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மிச்ச உடலில் பூச்சிமருந்து தெளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். புலிக்கு வைத்ததைப் பாறு முதலில் கண்டுபிடிக்கும். இதைத் தடுக்க ஒரே வழி இழப்பீடு விரைவாகக் கைக்கு வருவது. மாடு இறந்த அன்றே வனத்துறையினர் வந்து பார்த்து, படம் எடுத்து, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டால் ஆத்திரம் தணியும். மாதக்கணக்கில் அலையவிட்டால் எத்தனை விழிப்புணர்வுப் பலகை வைத்தாலும் பயன் இல்லை. காட்டு விலங்கின் சடலத்தைப் புதைக்காமலும் எரிக்காமலும் காட்டிலேயே விட்டுவைப்பதும் முக்கியம். தந்தத்துக்காகவோ நோய் அச்சத்துக்காகவோ அகற்ற வேண்டிய தேவை இருந்தாலொழிய, ஒரு யானையின் உடல் பல நாள்களுக்குப் பாறுகளின் தூய உணவு.

மாடு வைத்திருப்பவரும் மருந்துக்கடைக்காரரும் செய்ய வேண்டியவை

வலிநிவாரணி வேண்டும்போது கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலம் எழுதக் கேட்கலாம். இரண்டும் பாறுகளிடம் சோதித்துத் தீங்கற்றவை என உறுதியானவை. மெலாக்சிகம் மாட்டுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. அளவில் போடப்படுகிறது. மி.லி.க்கு 5 மி.கி. உள்ள மருந்தாக இருந்தால் 300 கிலோ மாட்டுக்கு 30 மி.லி. ஆகும். குறைந்த அளவு போட்டுவிட்டு ‘மெலாக்சிகம் கேட்கவில்லை’ என்று பழைய மருந்துக்குத் திரும்புவது ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. மாட்டின் எடையைக் கண்மதிப்பில் குறைத்துக் கணித்ததே பெரும்பாலும் காரணம். நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடை கணித்தால் இந்தத் தவறு வராது. மடிநோய் போன்ற தொற்றில் வலிநிவாரணி துணை மருந்து மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். தொற்றுக்கான சிகிச்சை சரியாக நடக்காமல் வலிநிவாரணியை மாற்றிப் பயன் இல்லை.

கூட்டு மருந்துகளில் ஏமாந்துவிட நேரும். பாரசிட்டமாலோடு நிமிசுலைடோ அசிக்ளோஃபினாக்கோ சேர்ந்த குப்பிகள் வணிகப் பெயரில் மட்டுமே அறியப்படுகின்றன. பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியைப் படிக்காமல் வாங்கக் கூடாது. கடைக்காரர் பழைய இருப்பைத் தள்ளிவிடாமல் மொத்த விற்பனையாளரிடம் திருப்பி அனுப்பி, திருப்பியதற்கான சீட்டை வைத்துக்கொள்வது ஆய்வின்போது அவருக்கே பாதுகாப்பு.

எந்த வலிநிவாரணி போட்டது என்று தெரியாத மாடு இறந்தால் திறந்தவெளியில் போடக் கூடாது. ஆறடி ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஆழமில்லாத குழியை நாயும் பன்றியும் ஒரே இரவில் தோண்டிவிடும், விடிந்ததும் மேலே வட்டமிடும் பறவை இறங்கும். சிகிச்சை எதுவும் பெறாத மாடு காட்டோரத்தில் இறந்தால் வனத்துறைக்குத் தெரிவித்து, சாலையிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளிய இடத்தில் பாறுகளுக்கு விடலாம். சாலையோரம் போட்டால் உண்டு கனத்த பறவை எழுந்து பறக்க நீண்ட ஓட்டம் எடுக்கும்போது வண்டியில் அடிபடும்.

இறந்த பாறு கிடைத்தால்

பாறுகள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. பொதுமக்கள் உடலைத் தொடவோ எடுத்துச் செல்லவோ கூடாது. பூச்சிமருந்து காரணமாக இருந்தால் வெறும் கையால் தொடுவது உயிருக்கே ஆபத்து. இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, பறவையையும் சுற்றுப்புறத்தையும் நான்கு திசையிலிருந்தும் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் சிறுநீரகம் கரைந்து சோதனைக்கு உதவாமல் போகும்.

சுற்றுப்புறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரு சடலத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் பல பாறுகள், கூடவே காகமோ நாயோ ஈயோ செத்துக் கிடந்தால், வாயில் நுரை இருந்தால், தொண்டைப்பை நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் வேகமாகக் கொல்லும் பூச்சிமருந்து. மரத்தடியிலோ கூட்டுக்குக் கீழோ தனித்தனியாக, நல்ல உடற்கட்டோடு, அருகில் சடலம் எதுவும் இல்லாமல் கிடந்தால் வலிநிவாரணியைச் சந்தேகிக்க வேண்டும். மருந்து உண்ட பாறு உடனே சாகாது. ஓரிரு நாள் கழித்துத் தான் அடையும் மரத்தில் சாகும். உண்ட இடமும் செத்த இடமும் வெகு தொலைவில் இருக்கலாம்.

பிணக்கூறாய்வு செய்யும் கால்நடை மருத்துவருக்கு: வெள்ளைப் படிவு இருக்கிறதா, எந்தெந்த உறுப்பில் என்பதைப் படத்தோடு பதிவு செய்யுங்கள். படிவு இருந்தாலே வலிநிவாரணி என்று எழுதிவிடாதீர்கள். கடும் நீரிழப்பும் பிற சிறுநீரக நோய்களும் இதே தோற்றத்தைத் தரும். படிவு இல்லை என்றால் பூச்சிமருந்துக்காக இரைப்பையும் அதில் இருப்பதும் கட்டாயம் வேண்டும். சிறுநீரகத்தையும் ஈரலையும் இரண்டு பங்காக்கி, திசு ஆய்வுக்கான பங்கை 10 விழுக்காடு ஃபார்மலினில் போடுங்கள். வேதிச் சோதனைக்கான பங்கை ஃபார்மலினில் போடவே கூடாது. அலுமினியத் தாளில் சுற்றி உறைநிலையில், இயன்றால் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் வையுங்கள். முழு மாதிரியையும் ஃபார்மலினில் போட்டுவிட்டதால் காரணம் தெரியாமலே மூடப்படும் கோப்புகளைத் தவிர்க்க இது ஒன்று போதும். ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘நஞ்சு உள்ளதா’ என்று பொதுவாகக் கேட்காமல், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபேன், நிமிசுலைடு, ஃபுளூனிக்சின், கார்புரோஃபேன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லாத மருந்தை எந்த ஆய்வகமும் தேடாது. மெலாக்சிகத்தையும் பட்டியலில் சேருங்கள். அது தீங்கற்றது என்றாலும், அந்த வட்டாரத்து மாடுகளுக்கு எது போடப்படுகிறது என்பதை அதன் இருப்போ இன்மையோ சொல்லிவிடும்.